த்ரவா கழகத்தின் முன்னாள் பயிற்றுநர்

ஒரு மொழி தெரியும் என்று பெருமையடிக்க மிகப் பாதுகாப்பான இடம் சொந்த வீடுதான், அந்த மொழி பேசுகிற யாரும் அந்த வீட்டுப் படியேறாத வரைக்கும். என் வீட்டில் எனக்கு இருபது வருடத்துக்கு மேலாக ரஷ்ய மொழி தெரிந்திருந்தது. மனைவி கலா நம்பினாள். மகள் அபிராமி சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் போய், தன் அப்பாவுக்கு நாலு மொழி தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தாள். (தமிழ், ஜெர்மன், ரஷ்யன். நாலாவது எது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வரும் வழியில், கள்ளமாக ஆள் கூட்டிப்போகிற ஏஜென்சிக்காரன் எங்களை மொஸ்கோவில் ஒரு ஃபிளாட்டில் விட்டுவிட்டுக் காணாமல் போனான். குளிர்காலம் முழுக்க அங்கே அடைந்து கிடந்தோம். சாப்பாடு கொண்டுவந்து தந்த ஒரு ரஷ்யப் பெண்மணி வாயால் கேட்ட சொற்கள்தான் என் ரஷ்ய மொழி. ‘தீஹா’ என்றால் சத்தம் போடாதே. ‘ஹ்லெப்’ என்றால் பாண், ரொட்டி. ‘நியெத்’ என்றால் இல்லை. ‘ஸாவ்த்ரா’ என்றால் நாளைக்கு. ஜன்னல் பக்கம் போகாதே என்பதற்கும் ஒரு வசனம் இருந்தது, அதை அவள் கையால் சொல்வதே எனக்குப் போதுமாக இருந்தது. அந்த ஃபிளாட்டை விட்டுப் புறப்பட்ட அன்று நான் ரஷ்ய மொழிப் படிப்பை முடித்துக்கொண்டேன்.

இனி சாகர் அண்ணை.

கொலோனுக்கு வெளியே ஒரு பெரிய களஞ்சியத்தில் பார்சல் பிரிக்கிற வேலை எனக்கு. அங்கே புதிதாக ஒரு ரஷ்யர் வந்து சேர்ந்தார். அறுபதைத் தொடும் வயது, ஒரு காலை இலேசாக இழுத்து நடப்பார், யாரோடும் கதைக்க மாட்டார். பெயர் ஸஹார். எங்கள் தமிழ்ப் பொடியள் வாயில் அது முதல் நாளே சாகர் அண்ணை ஆகிவிட்டது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஒருநாள் பெட்டியும் இல்லாமல், உறையும் இல்லாமல், முகவரித் தாள் மட்டும் ஒட்டிய ஒரு உதைபந்து பெல்ட்டில் வந்தது. வளைவில் துள்ளிக் கீழே விழுந்தது. சாகர் அண்ணை இரண்டு கையிலும் பார்சலோடு நின்றவர், குனியவே இல்லை. காலை நீட்டினார். விழுந்த பந்து அவருடைய பாதத்தில் பூனைக்குட்டி மாதிரிப் படுத்துக்கொண்டது. பிறகு அதை ஒரு தட்டுத் தட்டி மறுபடியும் பெல்ட்டில் ஏற்றினார். முகவரித் தாள் மேல் பக்கமாக இருந்தது.

நாங்கள் எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பக்கத்தில் போய், எனக்குத் தெரிந்த ஜெர்மனில், விளையாட்டுக்காரரா என்று கேட்டேன். அவர் முழங்காலைத் தட்டிக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார். பிறகு நெஞ்சைத் தொட்டு, “த்ரேனர்” என்றார். பயிற்றுநர். ஜெர்மனிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். அவர் வாயிலிருந்து வந்த ஒரு முழு ரஷ்யச் சொல் எனக்கு விளங்கியதில் உண்டான சந்தோஷத்தில், நான் பதிலுக்கு “ஹ்லெப்” என்றேன். (பாண்.) அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதிப் பாணைப் பிய்த்துத் தந்தார். அப்படித்தான் சிநேகிதமானோம்.

வேலைத்தலத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் இடைவேளைகளில் நானும் அவரும் கையாலும் காலாலும்தான் கதைத்தோம். அவர் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்று பாய்வதுபோல் காட்டி, “வ்ரதார்” என்று சொல்லித் தந்தார். பந்துக்காப்பாளர். இப்படி என் ரஷ்ய மொழி வளர்ந்து வந்தது. வீட்டில் போய் நான் சொன்ன கணக்கின்படி, நாங்கள் அரசியலிலிருந்து தத்துவம் வரை எல்லாம் கதைத்தோம்.

அபிராமி எங்கள் ஊர்க் கழகத்தின் பெண்கள் அணியில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாகர் அண்ணையை அவளுடைய ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்தியிருந்து புல்லைத் தடவிப் பார்த்தார். சேற்றுப் பள்ளத்தில் விரலை விட்டார். தலையை ஆட்டி, “த்ரவா, த்ரவா” என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

அந்த அணிக்கு அப்போது பயிற்றுநர் இல்லை. கழகம் தேடிக்கொண்டிருந்தது. இதைவிட ஒரு மனிதன் எப்படித் தெளிவாகச் சொல்ல முடியும் என்று நினைத்தேன். அடுத்த கிழமையே அபிராமியைக் கொண்டு கழகத் தலைவரைச் சந்திக்க ஒரு டெர்மின், நாளும் நேரமும், எடுத்தேன்.

சாகர் அண்ணை தன் மகள் வீட்டில்தான் இருந்தார். அந்தப் பிள்ளை முதியோர் இல்லத்தில் தாதி. நல்ல ஜெர்மன் பேசும். வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னது. கழகத்தில் ஒரு வேலை விஷயம்தானே, லீவெல்லாம் எதற்கு, நான் இருக்கிறேனே என்று சொல்லிவிட்டேன். அபிராமியும் கேட்டாள்.

“அப்பா, உங்களுக்கு உண்மையா ரஷ்யன் தெரியுமோ? இல்லாட்டி போனை வைச்சே மொழிபெயர்க்கலாம்.”

“போன் மனிசன்ர மனசை மொழிபெயர்க்குமோ?” என்றேன்.

இந்த வசனத்தை நான் சொன்னபோது என் முகம் எப்படி இருந்தது என்று அபிராமி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

அன்று பின்னேரம் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். பொத்தான் பூட்ட முடியவில்லை. திறந்து விடுவதே மொழிபெயர்ப்பாளருக்கு அழகு என்று கலா சொன்னாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பெட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துத் தந்தாள். ஜெர்மன்காரர் சாப்பிடுவார்கள், உறைப்பைக் குறை என்று சொன்னேன். குறைத்துவிட்டதாகச் சொன்னாள். (கலா உறைப்பைக் குறைத்த சாப்பாட்டை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.)

கழகக் கட்டடத்தின் சின்ன அறையில் தலைவர் இருந்தார், பெரிய உடம்பும் நல்ல சிரிப்புமாக. பக்கத்தில் பொருளாளர் ஃபிராவ் ஷ்மிட், நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டிய, அதிகம் பேசாத பெண்மணி. அணி சார்பில் அபிராமி மூலையில் உட்கார்ந்தாள். நான் நடுவில். சாகர் அண்ணை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

தலைவர் ஒரு ரோல்ஸைக் கடித்துக்கொண்டே, அவர் எங்கே பயிற்றுநராக இருந்தார் என்று கேட்டார். நான் சாகர் அண்ணையின் பக்கம் திரும்பி, “த்ரேனர்?” என்று புருவத்தை உயர்த்தினேன். கேள்வி கேட்பதற்கு என்னிடம் அந்தப் புருவம் மட்டும்தான் இருந்தது.

“த்ரேனர் நியெத்,” என்றார் அவர்.

இரண்டு சொல்லும் எனக்கு நன்றாக விளங்கின. பயிற்றுநர், இல்லை. ஆனால் நான் எந்த ஊர் ஆள்? ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்து தந்ததும் குடிக்கிற ஊர். மனிதர் தன்னடக்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

“தான் ஒரு சாதாரணப் பயிற்றுநர் இல்லை என்று சொல்கிறார்,” என்றேன் ஜெர்மனில்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாகர் அண்ணை உள்ளங்கையைத் தரைக்குச் சமமாக வைத்து ஆட்டி, “த்ரவா, த்ரவா” என்று ஏதோ நீளமாகச் சொன்னார். மைதானத்தில் கேட்ட அதே சொல். ஊர்ப் பெயராகத்தான் இருக்க வேண்டும். கையைத் தாழ்வாகக் காட்டுகிறார் என்றால், குழந்தைகள்.

“ரஷ்யாவில் த்ரவா என்ற பெயர்பெற்ற கழகத்தில் பல வருடம் இருந்திருக்கிறார். இவ்வளவு உயரக் குழந்தைகளிலிருந்து வளர்த்தெடுத்திருக்கிறார்.”

தலைவர் குறித்துக்கொண்டார். த்ரவா, எப்படி எழுதுவது என்று கேட்டார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ஃபிராவ் ஷ்மிட் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் அவருக்கு ரோல்ஸ் பெட்டியை நகர்த்தினேன்.

அதற்குப் பிறகு சாகர் அண்ணை பேசத் தொடங்கினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. யாரையும் பார்க்காமல், மடியில் இருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டு, மெதுவான குரலில் பேசினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நடுவில் ஒரு சொல் மட்டும், தெரிந்த ஆளைச் சந்தையில் கண்டதுபோல் வந்தது: “வ்ரதார்.” பந்துக்காப்பாளர். அதைச் சொல்லிவிட்டு அவர் பேச்சை நிறுத்தினார். ஒரு விரலை உயர்த்தி மேலே காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அவர் பயிற்றுவித்த பந்துக்காப்பாளர் இப்போது மிக உயர்ந்த இடத்தில் இருக்கிறார்,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “தேசிய அணியில் என்று நினைக்கிறேன். மனிதருக்கு அதில் எவ்வளவு பெருமை, பாருங்கள்.”

தலைவரின் கண்களில் தண்ணீர் முட்டி நின்றது. என் பேச்சு ஒரு ஜெர்மன்காரரைக் கரைத்துவிட்டது என்று நினைத்தேன். (அது கலாவின் ரோல்ஸ். இரண்டாவதில் முழுப் பச்சைமிளகாய் ஒன்று இருந்திருக்கிறது.) அவர் எழும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட ஒருவரைப் பெண்கள் அணிக்கு மட்டும் கேட்பது முறையில்லை, முதல் அணியையே பொறுப்பெடுப்பாரா என்று கேட்டு, கையை நீட்டினார்.

சாகர் அண்ணை அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. தலையைப் பக்கவாட்டில் ஆட்டி, “நியெத், நியெத்” என்று கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்து, அவருடைய தோளைத் தட்டி, ஆறுதலாக இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லா ரஷ்யத்தையும் ஒன்றுசேர்த்துச் சொன்னேன்.

“தீஹா, தீஹா. ஸாவ்த்ரா ஹ்லெப்.”

அவசரப்படாதே, நல்ல காலம் வரும் என்பது நான் நினைத்த பொருள். சத்தம் போடாதே, நாளைக்குப் பாண் என்பது நான் சொன்னது.

ஃபிராவ் ஷ்மிட் பேனாவை மேசையில் வைத்தார். சாகர் அண்ணையின் பக்கம் திரும்பி, சரளமாக, தண்ணீர் ஓடுகிற மாதிரி, ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டார்.

அவர் கசக்ஸ்தானில் பிறந்து, ரஷ்ய மொழியிலேயே படித்து வளர்ந்த ஜெர்மன்காரி என்பது அந்த அறையில் எனக்கும் சாகர் அண்ணைக்கும் மட்டும்தான் தெரியாது. அபிராமிக்குத் தெரியும். அப்பாவுக்குத்தான் ரஷ்யன் தெரியுமே என்று அவள் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

அவர்கள் இருவரும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். சாகர் அண்ணை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். ஃபிராவ் ஷ்மிட் எங்கள் பக்கம் திரும்பியபோது அவருடைய குரல் மாறியிருந்தது. தான் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், ஒரு தகப்பனை மகளுக்கு முன்னால் வெட்கப்படுத்த மனம் வரவில்லை என்று முதலில் என்னிடம் சொன்னார். பிறகு தலைவரிடம் சொன்னார்.

“இவர் பயிற்றுநர் வேலை கேட்டு வரவில்லை. புல்லைப் பராமரிக்கிற வேலை கேட்டு வந்திருக்கிறார். த்ரவா என்றால் புல்.”

தலைவர் தான் குறித்து வைத்ததைக் குனிந்து பார்த்தார்.

சாகர் அண்ணையின் வாழ்க்கையை அன்று நாங்கள் அந்தப் பெண்மணியின் வாயால்தான் கேட்டோம். ஒரு ஆலை நகரத்தில் விளையாடிக்கொண்டிருந்தவருக்கு இளம் வயதிலேயே முழங்கால் போனது. ஆலையின் சிறுவர் அணியைக் கொடுத்தார்கள். அந்தச் சிறுவர்களையே வளர்த்து, பெரியவர்களாக்கி, இரண்டாம் பிரிவு வரைக்கும் கொண்டுபோனார். ஒரு பெரிய நகரத்துக் கழகம் அவரைக் கூப்பிட்டது. போனார். ஒரு பருவம்கூட முடியவில்லை, ரயில் நிலையத்தில் நிற்கும்போது தொலைபேசியில் சொல்லி நிறுத்திவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்தபோது, பழைய பொடியள் நிலையத்துக்கே வந்து அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். பிறகு ஆலையும் மூடி, அணியும் இல்லாமல் போய், அவர் பள்ளிக்கூட மைதானத்தில் சும்மா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சண்டை தொடங்கியதும் இராணுவத்துக்கு வரச்சொல்லி ஆட்களுக்கு அழைப்பு வந்தது. அவர் வளர்த்த இரண்டு பேர் அவர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். போவதா, ஒளிவதா. இருவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனாலும் சின்ன வயதிலிருந்து அவர் சொல்வதைத்தான் கேட்டுப் பழக்கம். போங்கள், கெதியில், கொஞ்ச நாளிலேயே முடிந்துவிடும், அம்மாமாருக்குத் தொல்லை வரவிடாதீர்கள் என்று அவர் சொன்னார். பந்துக்காப்பாளர் திரும்பி வரவில்லை. மற்றவன் திரும்பி வந்தான், ஆனால் அவரைத் தெருவில் கண்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான்.

“நான் சொன்னால் ஓடுவதற்கு யாரும் இருக்கக் கூடாது,” என்று அவர் சொன்னதை ஃபிராவ் ஷ்மிட் அப்படியே சொன்னார். “புல்லை மட்டும் தாருங்கள் என்கிறார்.”

நான் ரோல்ஸ் பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேசிய அணி. பெருமை, பாருங்கள். வாயை வெட்டிப் போடலாம்போல் இருந்தது. எங்கள் ஊரிலும் போகட்டுமா, இருக்கட்டுமா என்று கேட்டு நின்ற பொடியள் இருந்தார்கள். என்னைப் போ என்று சொல்லி அனுப்பிய அண்ணன் அங்கேயே இருந்து, சண்டையோடு போய்விட்டான். அவனைப் பற்றி வேறு ஒருவர் என்னைப் போல மொழிபெயர்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

சாகர் அண்ணை ஃபிராவ் ஷ்மிட்டிடம் ஏதோ கேட்டார். என் பக்கம் கையைக் காட்டினார். வ்ரதார் என்ற சொல் மறுபடி வந்தது. தன் பந்துக்காப்பாளரைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறார் என்பது எந்த மொழிபெயர்ப்பாளரும் இல்லாமலே விளங்கியது. நான் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டே சொல்லில் பதில் சொன்னார்.

சாகர் அண்ணை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நன்றி சொல்வதுபோல் கையை நெஞ்சில் வைத்தார்.

அந்த இரண்டு சொல் என்ன என்று வெளியே வந்து வாகனத் தரிப்பிடத்தில் ஃபிராவ் ஷ்மிட்டைக் கேட்டேன். “மேலே இருக்கிறான் என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னேன்,” என்றார். “பொய் இல்லைதானே.” பிறகு, இந்த ரஷ்யத்தை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். மொஸ்கோ ஃபிளாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் ஒரே ஒரு வீட்டுக்குள் மட்டும் பேசக்கூடிய ரஷ்யம் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

திரும்பி வரும்போது அபிராமி கார் ஓட்டினாள். வீட்டு வாசலிலேயே கலா நின்றாள்.

“என்ன மாதிரி, வேலை கிடைச்சதோ?”

“கிடைச்சது,” என்றாள் அபிராமி. “அப்பாவுக்குத்தான் போயிட்டுது.”

புல் வேலை சாகர் அண்ணைக்குக் கிடைத்தது. சனிக்கிழமைகளில் வெள்ளைக்கோடு போடும்போது கயிற்றின் மறு முனையைப் பிடிக்க நான் போவேன். கதைப்பதில்லை. கதைத்தால் கோடு வளையும். அவர் ஆட்டம் நடக்கும்போது ஒருநாளும் மைதானத்தைப் பார்த்து நின்றதில்லை. ஒருமுறை மட்டும் அவர் கோலுக்குப் பின்னால் நின்றபோது, அபிராமியின் அணியில் பந்துக்காப்பாளர் பிள்ளை இலகுவான பந்து ஒன்றை விட்டுவிட்டு, என்ன செய்திருக்கலாம் என்று அவரைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கிற எங்களுக்கே விடை தெரிந்திருந்தது, ஓரடி முன்னால் வந்திருக்க வேண்டும். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, கருவிகள் வைக்கிற கொட்டிலுக்குள் போய்விட்டார். ஆட்டம் முடியும்வரை வெளியே வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை இப்போது எல்லாக் கொண்டாட்டத்திலும் ஓடுகிறது. கலாவின் தம்பிதான் நன்றாகச் சொல்வான். புருவத்தை உயர்த்துவான், த்ரவாவை எழுத்துக்கூட்டுவான், ஃபிராவ் ஷ்மிட் பேனாவை வைக்கிறதை நடித்துக் காட்டுவான். அவர் ரஷ்ய மொழியில் பேசத் தொடங்குகிற இடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கதை அந்த இடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததை நானோ அபிராமியோ யாருக்கும் சொல்லவில்லை.

போன கோடையில் அபிராமியின் பதிவுத் திருமணத்துக்கு, எங்கள் பேச்சில் கல்யாண எழுத்துக்கு, சாகர் அண்ணையும் வந்திருந்தார். மைத்துனன் கதையைத் தொடங்கியதும் நான் கண்ணால் தடுத்துப் பார்த்தேன், அவன் நிற்கிற ஆள் இல்லை. த்ரவா என்று கேட்டதும் சாகர் அண்ணைக்கு விளங்கிவிட்டது. எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் மட்டும், பிறகு என்ன நடந்தது என்று கேட்டார்.

“பிறகென்ன,” என்றேன். “புல் நல்லா வளருது.”

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். சாகர் அண்ணை, என்ன சொன்னாய் என்று தன் உடைந்த ஜெர்மனில் கேட்டார். சொன்னேன், சரியாக, ஒரு சொல்லும் கூட்டாமல். அவர் கொஞ்ச நேரம் என் தோளில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு எனக்கும் தனக்கும் சோறு எடுத்துவர எழும்பிப் போனார்.